மூத்தோன் ரோத்ஸ்சைல்ட்: 170 ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஒயின் தோட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் பெயர்பெற்ற ஒயின் தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. காப்பீட்டு நிறுவனம் வாங்கிய தோட்டம் உண்டு, வாசனைத் திரவியமும் கைப்பையும் விற்கும் நிறுவனம் வாங்கிய தோட்டமும் உண்டு. ‘ஷதோ மூத்தோன் ரோத்ஸ்சைல்ட்’ 1853-இல் வாங்கிய குடும்பத்திடமே இன்னும் இருக்கிறது. பணக்காரக் குடும்பம், அதனால் தக்கவைத்துக்கொண்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் 70 ஆண்டுகள் அந்தக் குடும்பமே இந்தத் தோட்டத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இருபது வயது இளைஞர் ஒருவர் வந்து தங்கிய பிறகுதான் கதை மாறியது. அவரைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும்.

இந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது?

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகம் கடலை நோக்கிப் போகிறது. அதன் இடது கரையில் நீளமாகக் கிடக்கும் நிலத்துக்கு மெதோக் என்று பெயர். அங்கே உள்ள பொயாக் என்ற சிற்றூரில்தான் மூத்தோன் இருக்கிறது. லஃபீத், லத்தூர் என்ற இரண்டு பெரிய தோட்டங்களும் அதே ஊர்தான்.

மண்ணைப் பார்த்தால் இதில் என்ன விளையும் என்று தோன்றும். கூழாங்கல்லும் சரளையுமாக மேடு மேடாகக் கிடக்கிறது. திராட்சைக்கு வேண்டியதும் அதுதான். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும், வேர் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போகும், பகலில் வாங்கிய வெயிலைக் கல் வைத்திருந்து மெல்ல விடும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சொவின்யோன் என்ற ரகத்துக்கு அந்தச் சூடு உதவுகிறது. தோட்டம் 80 ஹெக்டேருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர். அதில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரு ரகம்தான்.

‘மூத்தோன்’ என்றால் என்ன பொருள்?

பிரெஞ்சில் செம்மறியாடு. ஆனால் தோட்டத்தின் பெயர் ஆட்டிலிருந்து வரவில்லை, மேட்டைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். அந்தச் சரளை மேடுகளைப் பார்த்தால் அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனாலும் தோட்டத்தின் சின்னம் ஆட்டுக்கடாதான். பின்னால் வந்த பிலிப் ஏப்ரல் 13-ஆம் தேதி மேஷ ராசியில் பிறந்தவர் என்பதும் அதற்குத் தோதாக அமைந்தது. தமிழில் எழுதினால் ‘மூத்தவன்’ என்ற ஒலி வருவது வெறும் தற்செயல்.

ரோத்ஸ்சைல்ட் குடும்பம் எப்படி உள்ளே வந்தது?

ரோத்ஸ்சைல்டுகள் ஐரோப்பாவில் வங்கி நடத்திய குடும்பம். அதன் லண்டன் கிளையைச் சேர்ந்த நத்தானியல் டி ரோத்ஸ்சைல்ட் பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தன் சொந்தத் தோட்டத்து ஒயினை ஊற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. 1853-இல் இந்தத் தோட்டம் ஏலத்துக்கு வந்தபோது 11,25,000 பிராங்குக்கு எடுத்தார். அதற்கு முன்பு ‘பிரான் மூத்தோன்’ என்று இருந்த பெயர் ‘மூத்தோன் ரோத்ஸ்சைல்ட்’ ஆனது.

வாங்கிய நேரம் நல்ல நேரம் அல்ல. கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கி, போர்தோ முழுக்க விளைச்சல் விழுந்துகிடந்த காலம் அது. வாங்கிய இரண்டே ஆண்டில் இன்னொரு அடியும் விழுந்தது.

அது என்ன அடி? 1855 பட்டியல் என்கிறார்களே, அதுவா?

அதேதான். 1855-இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் அரசு அதற்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்துக் கேட்டது. போர்தோ வணிகச் சபை அந்த வேலையைத் தரகர்களிடம் விட்டது. தரகர்கள் உட்கார்ந்து குடித்துப் பார்த்து மார்க் போடவில்லை. பல ஆண்டுகளாக எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அதை வைத்தே சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்துவிட்டார்கள்.

முதல் படியில் நான்கு பேர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மூத்தோனுக்கு இரண்டாம் படி, அதில் முதல் இடம். விலையில் அது முதல் நான்குக்கு நெருக்கமாகத்தான் இருந்தது, அதனால் குடும்பத்துக்கு இது ஆறாத மனக்குறை. தோட்டம் அப்போதுதான் கைமாறியிருந்தது, பராமரிப்பும் சரியில்லை, பெரிய மாளிகையும் கிடையாது என்று பல காரணங்கள் சொல்வார்கள். எது எப்படியோ, கண்காட்சிக்காக அவசரமாகப் போட்ட பட்டியல் கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டது.

அடுத்த 70 ஆண்டுகள் என்ன நடந்தது?

பெரிதாக ஒன்றும் இல்லை. நத்தானியல் 1870-இல் இறந்தார், மகன் ஜேம்ஸ் எதுவார் 1881-இல் இறந்தார். பேரன் ஆன்ரி மருத்துவர், நாடகமும் எழுதினார். ‘ஆந்த்ரே பஸ்கால்’ என்பது அவர் புனைபெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஆன்ரிக்குத் தோட்டத்தில் நாட்டமில்லை. வேலையாட்களும் மேலாளர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

பிலிப் எப்படிப் பொறுப்புக்கு வந்தார்?

ஆன்ரியின் இளைய மகன் பிலிப், 1902-இல் பிறந்தவர். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பாரிஸ் மீது குண்டு விழுந்துகொண்டிருந்ததால் பையனைப் பாதுகாப்பாக மூத்தோனுக்கு அனுப்பினார்கள். மின்சாரம் இல்லாத, சேறும் சகதியுமான கிராமத்துப் பண்ணை. வீட்டில் யாருக்கும் பிடிக்காத அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1922-இல், இருபது வயதில், அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

அவர் தோட்டமே கதி என்று கிடந்தவரும் அல்ல. கார்ப் பந்தயம் ஓட்டினார். 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீ போட்டியில் வேறு பெயரில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தார். பாரிசில் பிகால் நாடக அரங்கத்தை அமைப்பதிலும் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தார். இத்தனைக்கும் நடுவில்தான் 1924-இல் அந்தக் காரியத்தைச் செய்தார்.

1924-இல் அப்படி என்ன செய்தார்?

ஒயினைத் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இந்தக் குடும்பத்தின் கதையில் என் கண்ணுக்கு ஆகப் பெரிய விஷயம் இதுதான்.

அதுவரை வழக்கம் இப்படி இருந்தது. தோட்டக்காரர் திராட்சையைப் பிழிந்து, நொதிக்கவிட்டு, சில மாதங்களில் பீப்பாயோடு போர்தோ வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார். பதப்படுத்துவது, கலப்பது, பாட்டிலில் ஊற்றுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் வியாபாரியின் கிடங்கில் நடக்கும். நேர்மையான வியாபாரி என்றால் நல்லது. இல்லையென்றால் மெலிந்த ஆண்டில் வேறு ஊர் ஒயினைச் சேர்த்துக் கெட்டியாக்கி, அதே பெயரில் விற்றுவிடலாம். பாட்டில்மேல் தோட்டத்தின் பெயர் இருக்கும், உள்ளே இருப்பதற்குத் தோட்டக்காரர் பொறுப்பேற்க முடியாது.

பிலிப் இதை ஏற்கவில்லை. விளைச்சல் முழுவதையும் இங்கேயே அடைப்போம் என்றார். முதல் படித் தோட்டங்கள் நான்கையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். ‘தோட்டத்தில் அடைக்கப்பட்டது’ என்று இன்று பிரெஞ்சு பாட்டில்களில் சர்வ சாதாரணமாகப் பார்க்கிற வாசகம் பரவியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

முடிவு எடுத்தால் போதுமா? ஒயின் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். அதுவரை வியாபாரியின் கிடங்கில் இருந்த பீப்பாய்களை இனி வைக்க இடம் வேண்டும். அதற்காக சார்ல் சிக்லி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1926-இல் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு பீப்பாய்க் கூடம் கட்டினார். சிக்லி நாடக அரங்குகள் வடிவமைத்தவர், அது கூடத்திலும் தெரிகிறது. கதவைத் திறந்து நின்றால், தூணே இல்லாத அந்தக் கூடத்தில் ஓக் பீப்பாய்கள் வரிசை வரிசையாகக் கடைசி வரை ஓடுகின்றன. எதிர்ச் சுவரில் குடும்பச் சின்னம் விளக்கொளியில் நிற்கிறது. சேமிப்புக் கிடங்குக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ‘இனி இது எங்கள் பொறுப்பு’ என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அதை அந்தக் கூடம் சொன்னது.

அந்தக் கூடத்துக்குள் என்ன வேலை நடக்கும்?

225 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் ஒயினை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. மண்டி அடியில் படியும். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிந்ததை மட்டும் இன்னொரு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். போர்தோவின் பழைய முறையில் இதற்கு ஒரு மெழுகுவர்த்தி வேண்டும். அடைப்பைத் தளர்த்தினால் ஒயின் மெல்லிய கோடாக இறங்கும். பணியாளர் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துச் சுடருக்கு முன்னால் தூக்கிப் பார்ப்பார். சிவப்புக்குள் சுடர் சுத்தமாகத் தெரியும்வரை விடுவார், புகை படிந்த மாதிரி கலங்கிய நொடியில் நிறுத்திவிடுவார். கடைசியில் முட்டையின் வெள்ளைக்கரு. பீப்பாய்க்குச் சில முட்டை அடித்து ஊற்றினால் மிதக்கும் துகளையெல்லாம் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். ரசாயனம் படிக்காதவர்கள் கண்டுபிடித்த ரசாயனம்.

கடையில் பார்க்கும் ‘மூத்தோன் கதே’யும் இதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1930-களின் தொடக்கத்தில் தொடர்ந்து விளைச்சல் மோசம். அந்த ஒயினை மூத்தோன் பெயரில் விற்க பிலிப்புக்கு மனம் வரவில்லை. ‘கதே’, அதாவது ‘இளையவன்’, என்று தனிப் பெயர் கொடுத்துக் குறைந்த விலையில் விற்றார். வீட்டுக்கு இளைய மகன் அவர்தான் என்பதால் அந்தப் பெயர். பிறகு அதற்குக் கிராக்கி கூடியபோது போர்தோவின் மற்ற தோட்டங்களிலிருந்தும் திராட்சையும் ஒயினும் வாங்கிச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று பல நாடுகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ஒயின் அது. தயாரிப்பது அதே குடும்பத்து நிறுவனம், ஆனால் விளைவது மூத்தோனின் சரளை மேட்டில் அல்ல.

இரண்டாம் உலகப் போரில் குடும்பத்துக்கு என்ன ஆனது?

ரோத்ஸ்சைல்ட் யூதக் குடும்பம். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் நாஜிகளுக்கு இணங்கிப்போன விஷி அரசு பிலிப்பின் குடியுரிமையைப் பறித்தது, அவரைச் சிறையில் வைத்தது, தோட்டத்தையும் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் படையினர் அங்கே வந்து தங்கினார்கள். விடுதலையான பிலிப் பிரனீ மலைகளை நடந்தே கடந்து, ஸ்பெயின் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்.

அவர் மனைவி எலிசபெத் பிறப்பால் கத்தோலிக்கர், பழைய பிரபுக் குடும்பத்துப் பெண். தனக்கு ஆபத்து வராது என்று அவர் நினைத்திருக்க நியாயம் உண்டு. 1944-இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ வந்து பிடித்துப் போனது. மகள் பிலிப்பீனுக்கு அப்போது பத்து வயது. எலிசபெத் 1945 மார்ச்சில் ராவென்ஸ்புரூக் என்ற நாஜி வதை முகாமில் இறந்தார். ஐரோப்பாவில் போர் முடிய அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த ஆண்டின் திராட்சையை இதை நினைக்காமல் பார்க்க முடியாது. 1945-இல் மே மாதப் பனி அரும்புகளைக் கருக்கியது, கோடை வறட்டியது. விளைந்தது குறைவு. கிடைத்ததோ அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்று. பிலிப் அதன் லேபிளுக்கு பிலிப் ஜூலியான் என்ற இளம் ஓவியரை வரையச் சொன்னார். நடுவில் பெரிய ‘வி’ எழுத்து, சுற்றிலும் இலைக்கொடி, ‘வெற்றியின் ஆண்டு’ என்ற சொற்கள். மனைவியை இழந்து வீடு திரும்பியவர் ஒட்டிய லேபிள் அது. 2006-இல் அந்த ஆண்டின் 12 பாட்டில் கொண்ட ஒரு பெட்டி அமெரிக்காவில் 2,90,000 டாலருக்கு ஏலம் போனது.

ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியர் லேபிள் வரைவது அப்போதுதான் தொடங்கியதா?

ஆமாம். 1924-இல் ஜான் கார்லு என்ற சுவரொட்டிக் கலைஞரைக் கொண்டு ஒருமுறை செய்து பார்த்தார்கள், அது தொடரவில்லை. 1945-க்குப் பிறகு நிலைத்துவிட்டது. ஆரம்பத்தில் பெரும்பாலும் நண்பர்கள் வரைந்தார்கள், 1947-இல் ழான் கொக்தோ. 1955-இல் புகழ்பெற்ற ஓவியர் ழார்ழ் பிராக் வரைந்தபின் பெரிய ஓவியர்களுக்கு வாசல் அகலத் திறந்தது. 1958 சல்வதோர் தாலி, 1964 ஹென்றி மூர், 1969 மிரோ, 1970 சகால், 1975 ஆண்டி வார்ஹோல். பணமாக எதுவும் தருவதில்லை. கூலி ஒயின்தான், சில பெட்டிகள்.

1993-இல் பல்தூஸ் வரைந்த சிறுமியின் நிர்வாண ஓவியத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு வந்தது. அங்கே போன பாட்டில்களில் ஓவியம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் எண்ணம். 2004-இல் வரைந்தவர் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ். 2009 லேபிள் மும்பையில் பிறந்த அனிஷ் கபூருடையது.

1855 பட்டியல் மாறவே இல்லையா?

ஒரே ஒருமுறை ஒரு தோட்டம் மேலே ஏறியது, அது மூத்தோன்தான். பிலிப் அதற்காகப் பல பத்தாண்டுகள் விடாமல் போராடினார். அரசு அலுவலகங்களுக்கு நடந்தார், மற்ற தோட்டக்காரர்களிடம் பேசினார். எதிர்த்தவர்களில் லஃபீத்தை நடத்திய அவருடைய உறவினர் எலி டி ரோத்ஸ்சைல்டும் ஒருவர். பங்காளிச் சண்டை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அதுவரை மூத்தோனின் வாசகம் இப்படி இருந்தது: ‘முதலாவதாக முடியாது, இரண்டாவதற்கு மனம் இறங்காது, நான் மூத்தோன்.’ 1973 ஜூனில் வேளாண் அமைச்சர் ஜாக் சிராக், பின்னாளில் அதிபரானவர், ஆணையில் கையெழுத்திட்டார். மூத்தோன் முதல் படி. வாசகத்தையும் மாற்றினார்கள்: ‘முதலாவதாக இருக்கிறேன், இரண்டாவதாக இருந்தேன், மூத்தோன் மாறுவதில்லை.’ அந்த ஏப்ரலில்தான் பிக்காசோ இறந்திருந்தார். 1973 லேபிளில் அவருடைய ஓவியம் ஒன்று வந்தது. இருபது வயதில் தோட்டப் பொறுப்பை ஏற்ற பிலிப்புக்கு அப்போது வயது 71.

1976-இல் அமெரிக்க ஒயினிடம் தோற்றது உண்மையா?

உண்மைதான். ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் பாரிசில் ஒயின்களின் பெயரை மறைத்து நடத்திய சுவைத் தேர்வில், சிவப்பு ஒயின்களில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம், மூத்தோன் 1970 இரண்டாமிடம். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிலிப்போ கலிபோர்னியாவின் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவியோடு முன்பே பேசிவந்தவர். இருவரும் கூட்டுச் சேர்ந்து நாபா பள்ளத்தாக்கில் ‘ஓபஸ் ஒன்’ தொடங்கினார்கள், அதன் முதல் அறுவடை 1979. பிலிப்புக்குப் பிறகு, சிலியிலும் இதே மாதிரி ஒரு கூட்டு முயற்சியாக 1997-இல் ‘அல்மவிவா’ வந்தது.

லஃபீத் ரோத்ஸ்சைல்டும் இவர்களுடையதா?

வேறு கிளை. நத்தானியலின் மாமனாரும் சித்தப்பாவுமான ஜேம்ஸ் 1868-இல் லஃபீத்தை வாங்கினார். பக்கத்துப் பக்கத்து நிலம், தனித்தனி நிர்வாகம்.

பிலிப்புக்குப் பிறகு யார்?

பிலிப் 1988-இல் இறந்தார். மகள் பிலிப்பீன் பொறுப்பேற்றார். அவர் பாரிசின் கொமெதி பிரான்சேஸ் குழுவில் நடித்த நடிகை. மேடையில் அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘பிலிப்பீன் பஸ்கால்’. தாத்தா ஆன்ரியின் புனைபெயரிலிருந்து எடுத்தது. பத்து வயதில் தாயைப் பறிகொடுத்த அந்தப் பெண் மேடையை விட்டு வந்து 26 ஆண்டுகள் தோட்டத்தை நடத்தினார். அவர் காலத்தில் ‘எல் தார்ஜான்’ என்ற வெள்ளை ஒயினும் ‘பெத்தி மூத்தோன்’ என்ற இரண்டாவது ஒயினும் வந்தன, நொதிகலன்களுக்குப் புதுக் கட்டடமும் எழுந்தது.

பிரெஞ்சுச் சட்டப்படி சொத்தில் பிள்ளைகள் யாரையும் ஒதுக்கிவிட முடியாது, வாரிசு வரியும் கனமானது. பல தோட்டங்கள் இந்த இடத்தில்தான் உடைந்து விலைபோயின. பிலிப்பீன் 2014 ஆகஸ்டில் மறைந்தபோது மூன்று பிள்ளைகள், கமீய், பிலிப், ஜூலியான், நிலத்தைத் துண்டாடாமல் நிறுவனமாகச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஓவிய லேபிள் வேலை ஜூலியானிடம் வந்தது.

அந்த 2014 அறுவடையின் லேபிளை டேவிட் ஹாக்னி வரைந்தார். அவர் பிலிப்பீனின் நண்பர். இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் ஒயின் இருக்கிறது, இன்னொன்று காலி. பக்கத்தில் ‘பிலிப்பீனுக்கு அஞ்சலியாக’ என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.